மாம்பழப் பெட்டி அளவில் ஒரு பாப்பா வண்டி

நாத்தனார் அனுப்பிய பார்சல் வாசலில் இறங்கியபோது எதிர்வீட்டு அக்கா, "வாஷிங் மெஷின் மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். பெட்டி அந்த அளவு. பாப்பா பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. உள்ளே இருந்தது ஒரு குழந்தை வண்டி. சட்டம் தனி, படுக்கிற கூடு தனி, உட்காருகிற சீட் தனி. வேண்டியதை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். காற்றடிக்கிற டயர், தையல் போட்ட கைப்பிடி, காப்பி டம்ளர் வைக்க ஒரு வளையம். அழகாகத்தான் இருந்தது. அத்தை அதற்கும் சேர்த்து ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். எங்களுடையது 2016-ல் வாங்கிய ஆல்டோ 800. வீட்டுக்காரர் டிக்கியைத் திறந்து, சட்டத்தை மடித்து, சக்கரம் உள்பக்கமாக வருகிற மாதிரி வைத்தார். கதவு சாத்தவில்லை. சக்கரத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தார். சாத்தவில்லை. பார்சல் ட்ரேயைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். இப்போது சட்டம் போய்விட்டது, கூடு வெளியே நின்றது. "கூட்ட நீ மடியில வெச்சுக்கோ" என்றார். அப்படியென்றால் பாப்பாவை எங்கே வைப்பது என்று கேட்டேன். பாப்பா வருகிறாள் என்பதே அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி நின்றார்.

மாமா திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்ப்பேட்டையில் முப்பது வருஷம் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். மஞ்சள் மூட்டையோ, ஜவ்வரிசி மூட்டையோ, இரும்புக் கட்டிலோ, எது எந்த வண்டியில் எப்படி ஏறும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். "லோடு பெருசில்லம்மா, வடிவந்தான் ஒத்து வரல" என்றார். அன்றைக்கு இருந்த எரிச்சலில் நான் அதைக் காதில் வாங்கவில்லை. வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மலையேறினோம். மடியில் வைத்துப் போனதே தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது தெரிந்தவர்கள் யாராவது கர்ப்பமாக இருந்தால், "எந்தக் கம்பெனி ஸ்ட்ரோலர் நல்லா இருக்கும்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் பதிலுக்கு, "உங்ககிட்ட என்ன கார் இருக்கு?" என்று கேட்கிறேன். விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நான் செய்த முதல் தப்பு லிட்டர் கணக்குப் பார்த்தது. ராத்திரி பால் கொடுத்துவிட்டுத் தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது, டிக்கி எத்தனை லிட்டர் என்று தேடினேன். ஆல்டோ 800-க்கு 177 லிட்டர். வேகன் ஆருக்கு 341. சரி, அதில் பாதி இதில் இருக்கிறது, வண்டியும் பாதி அளவில் வாங்கினால் போச்சு என்று என் கணக்கு. டிக்கியை அளப்பதற்கு ஜெர்மனிக்காரர்கள் வகுத்த முறை ஒன்று உண்டு. 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் உள்ள ஒரு கட்டை சரியாக 1 லிட்டர். அந்தக் கட்டையை டிக்கிக்குள் எத்தனை அடுக்க முடிகிறதோ அத்தனை லிட்டர். சக்கர வளைவுக்குப் பக்கத்தில் இருக்கும் பொந்து, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்து என்று இண்டு இடுக்கிலெல்லாம் கட்டை போய் உட்கார்ந்துகொள்ளும். அத்தனையும் கணக்கில் ஏறும். குழந்தை வண்டி அப்படிப் பிரிந்து பிரிந்து போய் உட்காருமா? மாமாவிடம் இதைச் சொன்னபோது, "அரிசியக் கொட்டி அளந்த எடத்துல அம்மிக்கல்ல வெக்க முடியுமா?" என்று கேட்டார்.

அத்தையின் தையல் மிஷின் டிராயரில் இருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் டிக்கிக்குள் தலையை விட்டேன். ஒரு சின்னக் காரின் டிக்கி எவ்வளவு கோணல் என்பது அளந்து பார்த்தால்தான் தெரிகிறது. தரையில் ஆழம் ஏறக்குறைய ஒரு முழம் இருக்கும். மேலே போகப் போகச் சீட்டின் முதுகு பின்னால் சாய்ந்து வந்து அதில் நாலு விரற்கடையைத் தின்றுவிடும். சக்கர வளைவு இரண்டும் உள்ளே புடைத்துக்கொண்டு நிற்பதால் சீட்டை ஒட்டிய பக்கம் குறுகல், கதவுப் பக்கம் கொஞ்சம் அகலம். அந்த அகலமும் மூன்று அடியைச் சுற்றித்தான். கதவு சாத்தும்போது கண்ணாடி உள்பக்கமாகச் சாய்ந்து வருவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் விட மோசம் டிக்கியின் வாய். உள்ளே இருக்கிற இடத்தைவிட வாய் குறுகல், பானை மாதிரி. உள்ளே வைத்தால் தாராளமாக இருக்கும் சாமான் வாயிலேயே மாட்டிக்கொள்ளும். ஆன்லைனில் போடுகிற அளவுகளில் இந்த வாயைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

அப்புறம் அந்தச் சுவர். பம்பருக்கு மேலே முழங்காலைத் தாண்டிய உயரத்தில் டிக்கியின் விளிம்பு இருக்கிறது. சாமானை அந்த உயரத்துக்குத் தூக்கி, சுவரைத் தாண்டி, உள்ளே குனிந்து இறக்க வேண்டும். எனக்கு ஆபரேஷன் ஆன உடம்பு. ஆறு வாரத்துக்குக் குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்காதே என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பாப்பா அப்போது நாலரை கிலோ. நாத்தனார் வண்டி சட்டமும் கூடும் சேர்ந்து 13 கிலோ. ஆறு வாரம் முடிந்துவிட்டது என்பதற்காக இடுப்பு உடனே சம்மதித்துவிடுகிறதா என்ன? வீட்டில் ஆண்பிள்ளை இருக்கிறார், அவர் தூக்கிக்கொள்வார் என்று எடை பார்க்காமல் வாங்குகிறவர்கள், அவர் ஆபீஸ் போன பிறகு தடுப்பூசிக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகப்போவது யார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அளவெல்லாம் எடுத்து ஒரு சீட்டில் எழுதி மாமாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "டிக்கியக் காலியா வெச்சு அளந்திருக்கியே, காலி டிக்கியோட என்னைக்குப் போயிருக்கோம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. "ஏறும்போது இருக்கற லோடுக்கு அளக்காத. எறங்கும்போது இருக்கற லோடுக்கு அள" என்றார்.

இதை விளக்கியாக வேண்டும். சேலத்திலிருந்து கோரிமேடு, அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, ஏற்காடு. மொத்தம் முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஏறும்போது எங்கள் டிக்கியில் ஒரு துணிப்பை, ஒரு டயப்பர் பை, பாட்டில் கழுவுகிற சாமான், அம்மாவுக்கு மாத்திரை, தம்பிக்குப் பிடிக்குமென்று ஒரு பாக்கெட் தட்டுவடை. அவ்வளவுதான். இறங்கும்போது கதையே வேறு. அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்குப் பார்த்தவர். அவர் போன பிறகும் அம்மா அங்கேயே இருக்கிறார். மகள் கிளம்புகிறாள் என்றால் காலையில் இருந்தே வாசலில் மூட்டைகள் சேர ஆரம்பித்துவிடும். வறுத்து அரைத்த காப்பித்தூள் இரண்டு கிலோ, "சம்பந்தியம்மாவுக்கு" என்று தனியாக ஒரு கிலோ. மரத்தில் ஏறின கொடியில் பறித்துக் காயவைத்த மிளகு. மலைவாழை ஒரு சீப்பு என்று சொல்லிவிட்டு அரைத் தார். சௌசௌ. ஆரஞ்சு இருக்கிற காலத்தில் ஆரஞ்சு. பலாப்பழ சீசனில் பலாப்பழம், அதுவும் முழுசாக. "அறுத்துக் குடும்மா" என்றால், "அறுத்தா வழியெல்லாம் வாசம் வரும், மாப்பிள்ளைக்குத் தலைவலிக்கும்" என்பார். ஒரு தடவை அந்தப் பலாப்பழத்தை முட்டுக் கொடுக்காமல் வைத்துவிட்டோம். ஒவ்வொரு வளைவிலும் அது டிக்கிக்குள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருண்டு 'தட்' என்று முட்டியது. இருபது வளைவுக்கும் இருபது முட்டு. பாப்பா ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள்.

ஆக, இந்த மூட்டைகளுக்கு நடுவில் மிச்சம் இருக்கிற இடம் எதுவோ அதுதான் என் குழந்தை வண்டியின் அளவு. ஆனால் அந்த இடத்தை டேப்பால் அளக்க முடியாது. வாழைத்தாருக்கும் பலாவுக்கும் நடுவில் நாடாவை எங்கே வைப்பது?

அப்போது மாம்பழ சீசன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கிய மல்கோவா வந்த அட்டைப் பெட்டிகள் இரண்டு பரணில் இருந்தன. ஆன்லைனில் பார்த்த வண்டிகளில் எனக்குச் சரிப்படும் என்று தோன்றியவற்றின் மடித்த அளவை எழுதிக்கொண்டு, காய் நறுக்குகிற கத்தியால் அட்டையை வெட்டி, செல்லோ டேப் ஒட்டி, அதே அளவில் ஒரு பொய்ப்பெட்டி செய்தேன். 55 செ.மீ. உயரம், 46 அகலம், 25 கனம். இன்னொரு பெட்டியைப் பக்கவாட்டில் பிரித்து, நீளமான வகைக்கு ஒன்று செய்தேன். அடுத்த முறை ஏற்காடு போனபோது இரண்டையும் தட்டையாக மடித்து சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு போனேன். அம்மா மூட்டைகளை எல்லாம் ஏற்றி முடித்த பிறகு பெட்டியை விரித்து, "இதையும் வைங்க" என்று வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். காலிப் பெட்டியை எதற்கு ஊருக்குக் கொண்டு போகிறோம் என்று அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அதுல இன்னும் ரெண்டு சௌசௌ போடட்டுமா?" என்று கேட்டார்.

இந்த ஒரு வேலையை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். காசு செலவில்லை. பெட்டி செய்யும்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு விரல் கூட வைத்துச் செய்யுங்கள். கம்பெனி போடுகிற அளவு சில நேரம் சக்கரத்தைக் கழற்றிய அளவாக இருக்கும், சில நேரம் முன்னால் இருக்கும் தடுப்புக் கம்பியைக் கழற்றிய அளவாக இருக்கும். நிழல் கூரை மடித்த பிறகும் தொப்பை மாதிரி கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் நிற்கும். பெட்டியைப் படுக்க வைத்துப் பார்த்தது போதாது, நிற்க வைத்தும் பாருங்கள். எங்கள் டிக்கியில் படுக்க வைத்தால் அதன் மேல் எதுவும் வைக்க முடியவில்லை. சீட்டின் முதுகை ஒட்டி சூட்கேஸ் மாதிரி நிற்க வைத்தபோது பாதி டிக்கி மிஞ்சியது. பலாப்பழத்துக்கு அதுவே முட்டாகவும் ஆனது.

நீளப் பெட்டிதான் ஏமாற்றிவிட்டது. எனக்கு ஆரம்பத்தில் ஆசையெல்லாம் குடை மாதிரி மடிகிற வகை மேல்தான். எடை குறைவு, விலையும் குறைவு, பார்க்க ஒல்லி. அதைக் கண்டுபிடித்தவர் கதை வேறு எனக்குப் பிடித்திருந்தது. ஓவன் மெக்லாரன் என்று ஒரு இங்கிலாந்து விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை பார்த்தவர். மேலே கிளம்பியதும் இறக்கைக்குள் மடிந்து போகிற சக்கரம் அது. அவருடைய மகள் வெளிநாட்டிலிருந்து கைக்குழந்தையோடு வந்தபோது கனமான வண்டியை இழுத்துக்கொண்டு திண்டாடியதைப் பார்த்துவிட்டு, அலுமினியக் குழாயில் குடை மாதிரி மடிகிற ஒரு வண்டியை உருவாக்கி 1965-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மூன்று கிலோகூட இல்லை. பேத்திக்காக ஒரு தாத்தா செய்தது என்று மாமாவிடம் சொன்னால் அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்.

ஆனால் குடை மடிப்பு வண்டியை மடித்தால் கரும்புக் கட்டு மாதிரி ஆகிவிடும். தடிமன் குறையுமே தவிர நீளம் குறையாது. ஒரு மீட்டருக்கு ஒட்டி இருக்கும், பலது அதற்கு மேலேயும் போகும். எங்கள் டிக்கிக்கு அந்த நீளம் குறுக்கே படுக்காது. கோணலாகச் சாய்த்து வைத்தால் போகும். போனால் மற்ற எதுவும் உட்காராது. பெரிய டிக்கி உள்ள செடான் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வகை இல்லை. சின்ன ஹேட்ச்பேக்கில், ஒல்லியாக இருக்கிறதே என்று நம்பி இதை வாங்காதீர்கள்.

புத்தகம் மாதிரி இரண்டாக மடிகிற வகை அதற்கு நேர் எதிர். நீளம் குறையும், கனம் குறையாது. மடித்த புத்தகத்தின் நடுவில் தலையணையை வைத்த மாதிரி இருக்கும். சக்கரம் பெரிசு, கூடை பெரிசு, சீட் நன்றாகப் பின்னால் சாயும், ரோட்டில் நன்றாக ஓடும். பின் சக்கரம் இரண்டையும் ஒரு பொத்தானை அழுத்திக் கழற்றிவிட்டால் ஒரு சாண் இடம் மிஞ்சும். சேற்றுச் சக்கரத்தை ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டுவீர்களா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. என் வீட்டுக்காரர் இரண்டு தடவைக்கு மேல் செய்யமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மிச்சம் இருந்தது மூன்றாக மடிகிற வகை. விமானத்தில் தலைக்கு மேலே வைக்கிற மாதிரி என்று விளம்பரம் செய்கிறார்களே, அது. எங்களுக்கும் விமானத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் விமானத்தின் மேல்தட்டும் ஆல்டோவின் டிக்கியும் ஒரே ஜாதி என்பது என் முடிவு.

ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு குழந்தைச் சாமான் கடை. கடைப் பையனிடம், "தம்பி, இத எங்க கார்ல வெச்சுப் பாத்துட்டு வாங்கிக்கலாமா?" என்று கேட்கத் தயக்கமாக இருந்தது. அவன் சாதாரணமாக, "வாங்கக்கா, எல்லாரும் பாக்கணும், யாரும் கேக்கறதில்ல" என்று மூன்று வண்டிகளைக் கையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ரோட்டோரம் டிக்கியைத் திறந்துபோட்டு ஒவ்வொன்றாக வைத்து எடுத்தோம். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தபடி இருந்தார்கள். அட்டைப்பெட்டியில் சரியாக வந்த அளவில் ஒன்று, நிஜத்தில் கைப்பிடி நுனியால் வாயில் மாட்டியது. இன்னொன்று போனது.

மடிப்பதை அவன் செய்து காட்டியபோது ஒரு கையில் சுலபமாக இருந்தது. நான் செய்து பார்த்தேன். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு செய்தேன், ஏனென்றால் நிஜத்தில் அப்படித்தான் நடக்கும். குழந்தையைத் தூக்கிய பிறகுதானே வண்டியை மடிக்க முடியும்? ஒரு கை என்று விளம்பரத்தில் போட்டிருந்த வண்டிக்கு ஒரு கை, ஒரு கால், கொஞ்சம் வயிறு தேவைப்பட்டது. மூன்று தடவைக்குப் பிறகு கை பழகியது. மடித்ததும் தானாகப் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். பூட்டாவிட்டால் டிக்கிக்குத் தூக்கும்போது வாழைப்பூ மாதிரி விரியும். மடித்தால் தரையில் சாயாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். நாங்கள் வாங்கியது ஆறரை கிலோ. ஏழாயிரத்துச் சொச்சம். ஐந்து இடத்தில் பூட்டுகிற பெல்ட், பின்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மிதி பிரேக்.

இதையெல்லாம் செய்யும்போது பாப்பாவுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. அது தற்செயல் இல்லை. சின்னதாக மடிகிற வண்டிகளில் பலவும் தட்டையாகப் படுக்காது. கழுத்து நிற்காத குழந்தையை அரைகுறையாகச் சாய்ந்த சீட்டில் வெகுநேரம் வைத்திருக்கக் கூடாது. ஆறு மாதம் வரை தட்டையாகப் படுக்கிற வண்டி வேண்டும், அப்படிப்பட்டது டிக்கிக்குள் போகாது. நாங்கள் அந்த ஆறு மாதத்துக்கு டிக்கியோடு சண்டை போடுவதையே விட்டுவிட்டோம். நாத்தனார் அனுப்பிய கூடு சேலத்து வீட்டில் எங்கள் கட்டில் பக்கத்தில் நின்றது. பாப்பா நாலு மாதம் அதில் நன்றாகத் தூங்கினாள், நாத்தனாருக்கும் வீடியோ காலில் மனசு நிறைந்தது. ஏற்காட்டில் அம்மாயியின் பழைய சேலையில் தூளி. வெளியே போனால் தோள். வண்டி என்ற சாமானை ஏழாவது மாதம் வாங்கினால் அதன் அளவு பாதியாகிவிடுகிறது என்பதை வயிற்றில் குழந்தை இருக்கும்போதே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

பாப்பாவை மடியில் வைத்துப் போனது தப்பு, பிறகு சொல்கிறேன் என்றேனே. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு மலை ரோட்டில் போவது எவ்வளவு ஆபத்து என்று அந்த முதல் பயணம் முடிந்து இறங்கும்போது, எதிரே வந்த பஸ்ஸுக்கு அவர் சடாரென்று பிரேக் போட்டபோது எனக்கு உறைத்தது. அதற்கடுத்த வாரமே பின்பக்கம் பார்த்த மாதிரி வைக்கிற சீட் ஒன்று வாங்கி சீட் பெல்ட்டால் கட்டிவிட்டோம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப் போனால் 1,000 ரூபாய் அபராதம். யார் பிடிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் கார் சீட் வந்த பிறகு டிக்கி இன்னும் சின்னதாகிவிடும். அதுவரை இடம் பற்றவில்லை என்றால் பின் சீட்டின் முதுகை மடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி இருந்தது. எங்கள் காரில் அது ஒரே துண்டு, கார் சீட் கட்டியிருந்தால் மடியாது. டிக்கியில் போகாததைப் பின் சீட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்றால், கட்டாத ஆறு கிலோ இரும்பு பிரேக் போட்டால் எந்தப் பக்கம் பறக்கும் என்று மாமாவைக் கேளுங்கள். லாரி கேபினுக்குள் ஒரு ஜாக்கியைக்கூடச் சும்மா போட விடாத மனிதர் அவர்.

வாங்கியாகிவிட்டது, எங்கே ஓட்டுகிறோம்? உண்மையைச் சொல்கிறேன். அழகாபுரத்தில் எங்கள் தெருவில் நூறு அடிகூட ஓட்ட முடியவில்லை. சின்னச் சக்கரம் எல்லாப் பள்ளத்திலும் இறங்கி நிற்கிறது. நடைபாதை இருக்கிற இடத்தில் ஸ்கூட்டர் நிற்கிறது. கடைவீதிக்கு இதைக் கொண்டுபோவது பைத்தியக்காரத்தனம், ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் நினைத்தே பார்க்கக் கூடாது. இது நன்றாக ஓடுகிற இடம் கல்யாண மண்டபம். வழவழப்பான தரை, ஏசி, தூங்குகிற குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு பந்தியில் உட்கார வேண்டாம். ஆஸ்பத்திரி வராண்டா அடுத்தது. ஜங்ஷன் பிளாட்பாரம் பரவாயில்லை. பெரிய சக்கரம் உள்ள வண்டியை வாங்கியிருந்தால் தெருவிலும் ஓட்டியிருக்கலாம்தான். அந்தப் பெரிய சக்கரம் தெரு வரைக்கும் வந்தால் போதும் என்பவர்களுக்கு டிக்கி கவலையே தேவையில்லை.

ஏற்காட்டில் ஏரிக்கரை ஓரம் கொஞ்சம் ஓட்டலாம். மே மாத மலர்க் கண்காட்சி நேரத்தில் போகாதீர்கள், ஆள் நடக்கவே இடமிருக்காது. அம்மா வீட்டில் இருந்து மெயின் ரோட்டுக்கு இருபது படி, அதற்கப்புறம் ஒரு சரிவு. படியில் குழந்தையை வண்டியோடு தூக்குவது கிடையாது, பாப்பா ஒரு கையில், மடித்த வண்டி இன்னொரு கையில். சரிவில் இறங்கும்போது கைப்பிடியில் ஒரு துணிப்பட்டையைக் கட்டி என் மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிறேன். பிரேக்கை மட்டும் மலையில் நம்புவதில்லை. அம்மா ஒருநாள் கைப்பிடியில் சௌசௌ பையை மாட்டிவிட்டார். நான் பாப்பாவைத் தூக்கிய மறு நொடி வண்டி மல்லாந்தது. எடை குறைந்த வண்டிக்கு இந்தப் புத்தி உண்டு. பாரத்தை எல்லாம் கீழ்க்கூடையில்தான் போட வேண்டும்.

மலையில் பனிமூட்டத்தில் போன வண்டியை அப்படியே டிக்கியில் அடைத்து வந்து மூன்று நாள் மறந்துவிட்டதில் சீட் துணியில் பூஞ்சை பூத்தது ஒரு தடவை. சேலத்து வெயிலில் காருக்குள் கிடந்த வண்டியின் பக்கிள் தொடையில் சூடு போடுகிற அளவுக்குக் காய்ந்திருந்தது இன்னொரு தடவை. இப்போது உட்கார வைக்கும் முன் கையை வைத்துப் பார்க்கிறேன். வெயிலுக்காகக் கூரை மேல் துண்டைப் போர்த்துகிற பழக்கம் அத்தைக்கு இருந்தது. ஸ்வீடனில் ஒரு நாளிதழ் 2014-ல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. வெயிலில் நின்ற வண்டிக்குள் 22 டிகிரி இருந்தது, மெல்லிய துணி போர்த்தியதும் அரைமணி நேரத்தில் 34, ஒரு மணி நேரத்தில் 37. ஸ்வீடன் வெயிலுக்கே இப்படி என்றால் சித்திரை மாதச் சேலத்துக்கு எப்படி என்று சொன்னேன். அத்தை துண்டை எடுத்து தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அந்த மாம்பழப் பெட்டியை மாமா தூக்கிப் போட விடவில்லை. பட்டை மார்க்கரில் நாலு பக்கமும் அளவு எழுதி, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டு, பழைய ஆபீஸ் பழக்கத்தில் "சாய்க்கக் கூடாது" என்றும் எழுதிப் பரணில் வைத்திருந்தார். போன மாதம் ஆத்தூரில் இருக்கும் சித்தி மகளுக்கு ஏழாம் மாதம். எந்த வண்டி வாங்குவது என்று கேட்டாள். என்ன கார் என்றேன். வேகன் ஆர் என்றாள். 341 லிட்டர் ஆச்சே, கவலையில்லை என்று நினைத்தேன். சிஎன்ஜி என்று கடைசியில் சொன்னாள். பெட்டியைக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் ராத்திரி போன் வந்தது.

"அக்கா, சிலிண்டர் குறுக்கால படுத்திருக்குது. பெட்டி அது மேல நிக்குது, ஆனா கதவு சாத்தமாட்டேங்குது."

"படுக்க வெச்சுப் பாத்தியா?"

"சாய்க்கக் கூடாதுன்னு எழுதியிருக்குதே."

மாமாவிடம் போனைக் கொடுத்தேன். அவர் திண்ணைக்குப் போய் உட்கார்ந்து, சிலிண்டருக்கும் கதவுக்கும் நடுவில் எத்தனை விரல் இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார்.